ஒரே நேரத்தில் எத்தனை பேர்

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் படித்த கையோடு போனை எடுத்துவிடுவார்கள். ஒரே நாளில் இத்தனை பேர் கூப்பிட்டால் அவருக்கு ஆகாது. ஒருவர் இன்றைக்கு, ஒருவர் அடுத்த வாரம், இன்னொருவர் பொங்கல் கழித்து என்று கூப்பிட்டால் சந்தோஷமாகப் பேசுவார். அப்படிப்பட்ட மனிதர்.

நாங்கள் இருவரும் ஹைதராபாத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தோம். மற்றவர்கள் கட்டிய வெப்சைட்டுகளைச் சோதித்துக் குறை சொல்வதுதான் எங்கள் பிழைப்பு. நான் ரிப்போர்ட் எழுதுகிறவள். அவர் லோட் பார்க்கிறவர். ஒரு வெப்சைட்டுக்குள் ஆயிரம் பேர் சேர்ந்து நுழைந்தால் அது தாங்குமா, பத்தாயிரம் பேர் நுழைந்தால் எந்த இடத்தில் திணறும் என்று முன்னாலேயே பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்காகப் பத்தாயிரம் பேரை ஆபீசுக்குக் கூட்டிவர முடியாது. கம்ப்யூட்டருக்குள்ளேயே பொய் மனிதர்களைச் செய்து அனுப்புவார்கள். அந்தப் பொய் மனிதர்கள் எத்தனை பேர், எப்போது வருவார்கள், வந்து எதைத் தொடுவார்கள், ஒன்றைத் தொட்டபின் அடுத்ததைத் தொடும்வரை எவ்வளவு நேரம் யோசிப்பார்கள் என்றெல்லாம் தீர்மானிப்பதற்கு லோட் மாடல் என்று பெயர். அதில் எங்கள் ஆள் கெட்டிக்காரர்.

ஆனால் வேலை நேரம் முழுக்கக் கூட்டத்தைப் பற்றியே யோசித்த அந்த மனிதர், நிஜக் கூட்டம் இருக்கும் இடத்தில் காலை வைக்கமாட்டார். நாங்கள் கேன்டீனில் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்கும்போது அவர் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே எதிரே வருவார். எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு பரிதாபம் தெரியும். எனக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

அவர் ஹைதராபாத்திலேயே, குஷாய்குடாவில் பிறந்து வளர்ந்தவர். வேலூர்ப் பக்கத்திலிருந்து அங்கே இருந்த அரசாங்க எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த குடும்பம். அந்த ஊர் உருது ஒட்டிக்கொண்டதால் அவர் தமிழில் 'ஆமாம்' என்பதற்கு ஹவ், 'வேண்டாம்' என்பதற்கு நக்கோ. நான் மாயவரத்துக்காரி. ரயில்வேக்காரரைக் கட்டிக்கொண்டு மல்காஜ்கிரிக்கு வந்தவள். எனக்குக் கூட்டம் பிடிக்கும். தேர் என்றாலும் சரி, தள்ளுபடி விற்பனை என்றாலும் சரி, நாலு பேர் இடித்துத் தள்ளினால்தான் எனக்கு எங்கோ போய்வந்த மாதிரி இருக்கும். இப்படி இரண்டு பேரைப் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்காரவைத்தால் என்ன ஆகும்? நாள் முழுக்க வாய்ச்சண்டைதான்.

"பீக்ல போறவன் ஒண்ணு பயந்தவன், இல்ல வேற வழியில்லாதவன் மேடம்" என்பார். பீக் என்றால் எல்லோரும் வந்து குவிகிற உச்ச நேரம். நீங்கள் இரண்டில் எது என்று என்னைக் கேட்காமல் கேட்பார்.

வைகுண்ட ஏகாதசிக்கு ஊரே கோயில் வாசலில் நிற்கும்போது அவர் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார். மறுநாள் சாவகாசமாகப் போவார். சாமி நேற்றைக்கு ஓய்ந்துபோயிருப்பார், இன்றைக்குத்தான் காது கொடுத்துக் கேட்பார் என்பது அவர் கட்சி. தீபாவளித் துணியை முந்தின தீபாவளி முடிந்த கையோடு செகந்திராபாத்தில் வாங்கி வைத்துவிடுவார். மகளுக்கு அது வருஷம் முழுக்க பீரோவில் கிடக்கும். குழந்தை அதற்குள் வளர்ந்துவிடுமே என்று மனைவி கேட்டதற்கு, வளர்ச்சிக்கும் கணக்குப் போட்டுத்தான் அளவு எடுத்திருக்கிறேன் என்றாராம். ஒரு வருஷம் கணக்கு தப்பி, அந்தப் பெண் தீபாவளியன்று சுடிதார் கையை நாலு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு தெருவில் பட்டாசு வெடித்ததாக அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்.

கூட்டத்தைக் கண்டால் பயமா என்று ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. தன்னால் ஒருவர் காத்துக்கொண்டு நிற்பது தனக்குத் தாங்காது என்றார். வரிசையில் நாம் ஒரு ஆள் கூடினால் பின்னால் நிற்கிற அத்தனை பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தாமதம். நாம் வேறு நேரத்தில் போய்விட்டால் யாருக்கும் ஒன்றும் குறையப்போவதில்லை. இவ்வளவுதான் விஷயம் என்றார். யாரையும் காக்க வைக்காமல் இருப்பதுதான் அவருக்கு அன்பு என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. ஆனாலும் கேலியை நான் விடவில்லை.

அவர் செய்த பொய் மனிதர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற கம்பெனிகளில் எல்லாப் பொய் மனிதர்களும் ஒரே மாதிரி இருப்பார்கள். வருவார்கள், தொடுவார்கள், வாங்குவார்கள், போவார்கள். இவருடையவர்களுக்குக் குணம் உண்டு. 'சித்தப்பா' என்று ஒரு வகை. பக்கம் திறக்கக் கொஞ்சம் தாமதமானால் பொறுக்கமாட்டார், திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருப்பார். 'பெரியம்மா' இன்னொரு வகை. எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் படிப்பார், கூடையில் போடுவார், எடுப்பார், நடுவில் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து முதலிலிருந்து ஆரம்பிப்பார். ரிப்போர்ட்டில் அந்தப் பெயர்களை நான் அப்படியே விட்டுவிட்டேன். வெளிநாட்டு கிளையன்ட் ஒருவர் போன் கூட்டத்தில் வெகு மரியாதையாக, அந்தப் பெரியம்மாவை இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சேர்க்க முடியுமா என்று கேட்டார். நாங்கள் மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தோம். இவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கேட்பது சரிதானே என்று குறித்துக்கொண்டார்.

ஒரு தனியார் கல்லூரிக் குழுமம் பரீட்சை முடிவு வெளியிடும் வெப்சைட்டைச் சோதிக்கக் கொடுத்திருந்தது. மாணவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேர் தாங்கினால் போதும் என்றார்கள். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பையனுக்கு ரிசல்ட் என்றால் அவன் மட்டுமா பார்ப்பான்? அம்மா ஒரு போனில், அப்பா ஆபீசில், மாமா விஜயவாடாவில், டியூஷன் மாஸ்டர் தன் வீட்டில், அதுவும் எல்லோரும் முதல் நிமிஷத்திலேயே பார்ப்பார்கள். முடிவு எங்கும் ஓடிப்போகாது, சாயங்காலமும் அங்கேயேதான் இருக்கும் என்று தெரிந்தும் பார்ப்பார்கள். ஏனென்றால் மற்றவர்கள் பார்க்கிறார்கள். இதை அவர்கள் நம்பிச் சுமை தாங்கும் வழி செய்தார்கள். முடிவு வந்த அன்று அது படுக்காமல் நின்றது.

கிளையன்டுகள் எப்போதும் மொத்தக் கணக்கைச் சொல்லித்தான் பெருமை அடித்துக்கொள்வார்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேர் வருகிறார்கள், ஒரு மாதத்துக்கு இத்தனை பேர் என்று. இவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: "அது மொத்தம். ஒரே நேரத்துல எத்தனை பேர்?" அவர் தொழிலே அந்தக் கேள்விதான். நாள் முழுக்கப் பரவி வருகிற ஒரு லட்சம் பேர் ஒன்றும் செய்யமாட்டார்கள், ஒரு நிமிஷத்தில் சேர்ந்து வருகிற ஐயாயிரம் பேர் படுக்க வைத்துவிடுவார்கள் என்று விளக்குவார். எத்தனை பேர் என்பது முக்கியமில்லை, சேர்ந்து இருக்கிறார்களா என்பதுதான் முக்கியம். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்.

என் அப்பா கடைசிக் காலத்தில் மல்காஜ்கிரியில் என்னோடுதான் இருந்தார். அவர் போனபோது ஆபீசிலிருந்து எல்லோரும் வந்தார்கள். இவர் வரவில்லை. எனக்கு வருத்தம்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. ஊரிலிருந்து வந்த அண்ணன்மார் ரயில் ஏறினார்கள். வாடகைப் பாத்திரங்கள் திரும்பிப் போயின. மறுநாள் மத்தியானம் என் கணவர் வேலைக்குப் போனபின் வீடு ஓவென்று கிடந்தது. அப்பாவின் கண்ணாடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வாசல் மணி அடித்தது. இவரும் இவர் மனைவியும் நின்றுகொண்டிருந்தார்கள்.

உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அப்பாவுக்கு என்ன செய்தது, முதலில் எப்போது தெரிந்தது என்று கேட்டார். பதினாறு நாளும் அதைத் துண்டு துண்டாக எத்தனையோ பேரிடம் சொல்லியிருந்தேன். ஒருவரிடம் பாதி சொல்வதற்குள் அடுத்தவர் வந்து கையைப் பிடிப்பார். அன்றைக்குத்தான் முழுக்கச் சொன்னேன். சொல்லி முடிக்க வெகு நேரம் ஆனது. நடுவில் அந்த அம்மாள் எழுந்து போய் என் சமையலறையில் காபி கலந்து கொண்டுவந்தார். கிளம்பும்போதுதான் அவர் ஏன் முன்னாலேயே வரவில்லை என்பதைச் சொன்னார்: அன்றைக்கு நிறையப் பேர் இருந்திருப்பார்கள், நான் வந்து என்ன செய்திருப்பேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஒரு மத்தியானத்துக்காக அவருடைய அத்தனை கிறுக்குத்தனத்தையும் மன்னிக்கலாம் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் நான் வெளி ஆள். அந்தக் கிறுக்குத்தனத்துக்கு உள்ளேயே வளர்ந்தவள் அவருடைய ஒரே மகள். நல்ல பெண், கலகலவென்று பேசுவாள். அவள் தமிழில் பாதி தெலுங்கு இருக்கும். கல்யாணம் நிச்சயமான சமயத்தில் அவளுக்குப் புடவை எடுக்க நான் கூடப் போயிருந்தேன். அப்போது தன் ஐந்தாவது பிறந்தநாளைப் பற்றிச் சொன்னாள். வீடு சின்னது. குழந்தைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்று அப்பா பாதிப் பேரை நாலு மணிக்கும் மீதிப் பேரை ஐந்தரை மணிக்கும் வரச் சொன்னாராம். அவள் இரண்டு முறை கேக் வெட்டினாளாம். முதலில் வந்த தோழியைப் போகாதே என்று கையைப் பிடித்து இழுத்தாளாம்.

"அதெல்லாம் பரவால்ல ஆன்ட்டி. நா பெள்ளிக்கு, என் கல்யாணத்துக்கு, ஜனம் இருக்கணும். ஹால் நிறைய. அது ஒண்ணுதான் அப்பாகிட்ட கேட்டிருக்கேன்" என்றாள்.

அவர் வாக்குக் கொடுத்துவிட்டார் என்றும் சொன்னாள். எல்லோரும் வருவார்கள், ஒருத்தர் விடாமல் வருவார்கள் என்றாராம். வாக்கைக் காப்பாற்ற அவர் பட்ட பாட்டை நானே பார்த்தேன். கூட்டத்துக்குப் போகாத மனிதர் வீடு வீடாகப் போய் அழைத்தார். தொழிற்சாலைக் குடியிருப்பில் தன் அப்பாவோடு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள், வேலூர்ச் சொந்தக்காரர்கள், மகளின் பள்ளித் தோழிகள், கல்லூரித் தோழிகள், எங்கள் ஆபீஸ், தெருக்காரர்கள் யாரையும் விடவில்லை. முதல் நாள் சாயங்காலம் எல்லோருக்கும் வரவேற்பு. மறுநாள் காலை முகூர்த்தம், அது வீட்டு மனிதர்களுக்கு மட்டும். வார நடுவில் ஒரு நாள் பார்த்துக் குஷாய்குடாவிலேயே ஒரு மண்டபம் பிடித்திருந்தார்.

வரவேற்பன்று ஆபீசில் பக்கத்துச் சீட்டுப் பெண்ணிடம், ஆறரைக்கு என்று போட்டிருக்கிறது, சேர்ந்தே போகலாமா என்று கேட்டேன். அவள் தன் பத்திரிகையை எடுத்துப் பார்த்தாள். ஏழரை என்று இருந்தது. அச்சுக்காரன் தப்புச் செய்துவிட்டான் என்று இருவரும் முடிவு செய்தோம். எதிர்ச் சீட்டுக்காரர் தன்னுடையதில் ஆறு என்று இருக்கிறது என்றபோதும் எங்களுக்கு உறைக்கவில்லை. இப்படி ஒரு காரியத்தை ஒருவர் யோசித்துச் செய்வார் என்று யாருக்குத் தோன்றும்?

ஆறரைக்கு நானும் என் கணவரும் மண்டபத்தில் நுழைந்ததும் விளங்கிவிட்டது. அவர் கல்யாணத்துக்கு லோட் மாடல் போட்டிருந்தார். மேடையில் ஒரு குடும்பம் வாழ்த்திப் படம் எடுத்துக்கொள்ள எவ்வளவு நேரம், ஒரு பந்தி சாப்பிட்டு எழ எவ்வளவு நேரம் என்று கணக்கிட்டு, அழைத்தவர்களைப் பிரித்து, ஆளுக்கொரு நேரம் அச்சடித்திருக்கிறார். வாசலில் பட்டுச் சட்டையோடு நின்று எங்களைக் கும்பிட்டார். டெஸ்ட் தேறிவிட்டால் அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஒருத்தர்கூட நிற்கவில்லை பார்த்தீர்களா மேடம் என்று காதோடு சொன்னார்.

நிற்கவில்லைதான். மேடைக்கு நேராக ஏறினோம், வாழ்த்தினோம், இறங்கினோம். சாப்பாட்டுக் கூடத்தில் யாரும் யாருடைய நாற்காலிக்குப் பின்னாலும் இடம் பிடித்து நிற்கவில்லை. இலையில் பூரி உப்பியபடியே விழுந்தது. பரிமாறுகிறவர்கள் கேட்டுக் கேட்டுப் போட்டார்கள். எந்தக் கல்யாணத்திலும் நான் இவ்வளவு சௌகரியமாகச் சாப்பிட்டதில்லை. எந்தக் கல்யாணத்திலிருந்தும் இவ்வளவு சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றியதும் இல்லை. என் கணவர் அப்படியே போய்விட்டார். காலையில் பெண்ணுக்குப் புடவை கட்டிவிட ஆள் வேண்டும் என்று பெண்ணின் அம்மா கேட்டுக்கொண்டதால் நான் தங்கினேன்.

தங்கியதால்தான் முழுக்கப் பார்த்தேன். ஆறு மணிக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பும்போது ஆறரைக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் போனபின் ஏழு மணிக்காரர்கள். பள்ளித் தோழிகள் வந்து ஆரவாரம் செய்துவிட்டு, எதிரே காலி நாற்காலிகளைப் பார்த்து அடங்கி, போய்விட்டார்கள். அவர்கள் போய் வெகு நேரம் கழித்துக் கல்லூரித் தோழிகள் வந்தார்கள். வேலூரிலிருந்து வந்த ஒரு மாமா, தன் பழைய குஷாய்குடா நண்பர் வரவில்லையா என்று விசாரித்தார். அவர் வந்து போய்விட்டார் என்றார்கள். மண்டபத்தில் எந்த நேரத்திலும் நாலு வரிசை நாற்காலிக்கு மேல் நிறையவில்லை. மாப்பிள்ளை வீட்டார் பெங்களூரிலிருந்து ஒரு பஸ்ஸில் சேர்ந்து வந்து ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். பெண் வீட்டில் ஜனம் கம்மி போல என்று அவர்களில் ஒரு அத்தை பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் மேடைக்குக் கேட்டுவிட்டது. அந்தப் பெண் பூச்செண்டைக் கையில் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசிக் குடும்பமும் சாப்பிட்டுப் போனது. ஆட்கள் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை தன் வீட்டாரோடு சாப்பிடப் போயிருந்தார். நான் மேடையில் அவளுக்கு மாலை ஊசிகளைக் கழற்றிவிட்டுக்கொண்டிருந்தேன். இவர் சந்தோஷமாக ஏறி வந்தார்.

"எல்லாரும் வந்தாச்சும்மா. ஒருத்தர் பாக்கி இல்ல."

"ஹவ் அப்பா. எல்லாரும் வந்தாங்க" என்றாள். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள்: "ஒரே நேரத்துல எத்தனை பேர் இருந்தாங்க?"

அவருக்குப் பதில் தெரியும்.

"கேக் ரெண்டு தடவை வெட்டச் சொன்னீங்க, வெட்டினேன். இது ஒரு தடவைதானே அப்பா" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவர் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார்.

அவர் மாப்பிள்ளையின் சிம்மாசன நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார். எனக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது, ஆனால் ஊசி பாதியில் நின்றது. இத்தனை வருஷமாக ஊராரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு கேள்வியை அவர் தன் வீட்டுக் கல்யாணத்தில் தலைகீழாகப் பிடித்துவிட்டார். கூட்டம் என்றால் தடுக்க வேண்டியது என்றுதான் அவருக்குத் தெரியும். அது ஒருத்தி ஆசைப்பட்டுக் கேட்கிற பொருளாக இருக்கும் என்பது அவர் கணக்கில் எங்குமே இல்லை.

பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். தட்டித் தட்டி ஏதோ எழுதினார். என்னிடம் நீட்டினார். நாளைக் காலை ஒன்பது மணிக்கு முகூர்த்தம், எல்லோரும் ஒன்பது மணிக்கே வந்துவிட வேண்டும், கட்டாயம் இருந்து சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று இருந்தது. அழைத்திருந்த அத்தனை பேருக்கும் அனுப்பப்போகிறார். நான் பதறிப்போனேன். காலைச் சாப்பாடு வீட்டு மனிதர்களுக்கு மட்டும்தானே சொல்லியிருக்கிறீர்கள், இவர்கள் எல்லோரும் வந்தால் எப்படிப் போதும் என்று கேட்டேன்.

"பத்தாது" என்றார். "தெரிஞ்சுதான் கூப்பிடறேன் மேடம்."

அனுப்பிவிட்டார்.

சமையல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அரிசி இருக்கிறது, பருப்பும் சமாளிக்கலாம், இனிமேல் காய்க்கு எங்கே போவது என்றார். முடிந்ததைச் செய்யச் சொல்லிவிட்டு இவர் வந்துவிட்டார்.

காலையில் வந்தார்கள். எட்டரைக்கே மண்டபத்துத் தெருவில் ஆட்டோ நுழைய முடியவில்லை. கல்யாணத்தில் என்னவோ சிக்கல் என்று பயந்து சிலர் வந்தார்கள். முந்தின நாள் யாரையும் பார்க்காத குறையில் சிலர் வந்தார்கள். பாதிப் பேர் வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். ஓய்வுபெற்ற தொழிற்சாலைக்காரர்கள் ஒருவரையொருவர் வருஷக்கணக்குக்குப் பின் பார்த்து, முகூர்த்தத்தை மறந்துவிட்டுச் சத்தம் போட்டுப் பேசினார்கள். வேலூர் மாமாவுக்கு அவருடைய நண்பர் கிடைத்துவிட்டார். நாதஸ்வரக்காரர் தோற்றுப்போனார். பள்ளித் தோழிகளும் கல்லூரித் தோழிகளும் மேடையோரம் கலந்து நின்று தெலுங்கில் கத்தினார்கள். மின்விசிறி போதவில்லை. நேற்று ஜனம் கம்மி என்ற அத்தை, தண்ணீர் குடிக்க எழுந்துபோய்த் திரும்பி வந்து, தன் நாற்காலியைப் பறிகொடுத்துவிட்டு நின்றார். எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம், மறைப்பானேன்.

இவர் பாடுதான் பார்க்க முடியவில்லை. ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை வந்தவர்களிடம் கொடுத்திருந்தார். ஆளாளுக்கு அதைக் குலுக்கினார்கள். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. தாரை வார்க்கும்போது பின்னாலிருந்து யாரோ நெருக்கியதில் சொம்புத் தண்ணீர் பாதி ஐயர்மேல் போயிற்று. மணப்பெண் அந்தச் சமயத்தில் தலையைத் தூக்கி, தூணுக்குப் பின்னால் நின்ற யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையாட்டினாள். ஐயர் அதட்டினார். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

சாப்பாடு அவர் சொன்னபடியே பத்தவில்லை. முதல் பந்தி ஒழுங்காகச் சாப்பிட்டது. இரண்டாவது பந்திக்குப் பாயசம் இல்லை. மூன்றாவதில் சாம்பார் தீர்ந்தது. அதற்குப் பின் ரசம், மோர்ச் சோறு, ஊறுகாய். அதற்கும் ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் மூன்று பேர் நின்றார்கள். சிலர் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வெறும் வயிற்றோடு போனார்கள். அவர் சொந்தத்தில் இன்றைக்கும் அதற்குச் சாப்பாடு பத்தாத கல்யாணம் என்றுதான் பெயர். எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு இதைவிடக் கெட்ட பெயர் வர முடியாது. அவர் அதோடு திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். லீவு முடிந்து வந்த அன்றே எங்களுக்கு முன்னால் சாப்பிட்டுவிட்டு, எங்கள் வரிசையைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு போனார்.

ஆனால் அவரை நினைக்கும்போது என் கண் முன்னால் வருவது கல்யாணத்தன்று நடுப்பகலில் பார்த்த முகம்தான். மாப்பிள்ளையின் அப்பா தேடிக்கொண்டு வந்தார். தன்மையான மனிதர், குரல் உயர்த்தவில்லை. பெங்களூரிலிருந்து வந்தவர்களில் பாதிப் பேருக்கு மோர்ச் சோறுதான் கிடைத்தது, பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள், முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார்.

"ஹவ் சம்பந்தி. பத்தல" என்றார் இவர், இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு. "தப்பு என்னோடதுதான்."

மேடையில் ஒரே நெரிசல். யாரோ படம் எடுக்கக் கூப்பிட, இரண்டு பக்கத்திலிருந்தும் தோழிகள் ஏறியதில் மாலை அறுந்து, மாப்பிள்ளை ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, நடுவில் அகப்பட்டுக்கொண்ட அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். அத்தனை சத்தத்திலும் அது தனியாகக் கேட்டது. இவருடைய கூப்பிய கை அப்படியே இருந்தது, முகம் மட்டும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. சம்பந்தி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.